கேமரா உபயம் கொடுப்பதற்கு முன் எடிட்டிங் மேசையைப் பாருங்க



கொஞ்ச நாளா நம்ம குழுவில் ஒரே பேச்சு. கும்பாபிஷேகம் வருது, ஆலயத்துக்குன்னு சொந்தமா ஒரு நல்ல வீடியோ கேமரா வாங்கணும். உபயகாரர் ஒருத்தர் தயாரா இருக்கார். செயலவையும் சரின்னு சொல்லிட்டாங்க. இப்ப எந்தக் கேமரா என்பதில்தான் இழுபறி. ஒருத்தர் 4K இல்லாம வாங்கவே கூடாதுன்னு சொல்றார். இன்னொருத்தர் கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி வச்சிருக்கிற அதே மாடல்தான் வேணும்னு சொல்றார். வேறொருத்தர் ஹேண்ட்போனே போதுமே, எதுக்கு இவ்வளவு செலவுன்னு கேட்கிறார்.

என் கருத்தை நேரடியா சொல்லிடறேன். கேமராவைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி, எடுத்த வீடியோவை எந்தக் கணினியில், யார் உட்கார்ந்து வெட்டி ஒட்டப் போறாங்கன்னு பாருங்க. அந்தக் கணினி எதைத் தாங்குமோ, அதைத் தர்ற கேமராதான் நமக்கு நல்ல கேமரா. அதுக்கு மேல கொடுக்கிற ஒவ்வொரு வெள்ளியும் கடைக்காரருக்கு லாபம், ஆலயத்துக்குப் பாரம்.

உபயம் கொடுக்கிறவங்க மனசைக் குறைச்சுப் பேசறேன்னு யாரும் நினைக்காதீங்க. அவங்க கொடுக்கிறது வீணாகக் கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆலயம். பேர் வேணாம். நல்ல விலையில ஒரு கேமரா வாங்கினாங்க. திருவிழா முழுக்க அருமையா எடுத்தாங்க. வீட்டுக்குக் கொண்டு போய் அங்கே எடிட்டிங் செய்யும் தங்கச்சியோட லேப்டாப்பில் போட்டா, படம் ரெண்டு விநாடி ஓடுது, நாலு விநாடி நிக்குது. அந்தப் பிள்ளை பகல்ல வேலைக்குப் போயிட்டு, ராத்திரி பன்னிரண்டு ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து பார்த்துச்சு. மூணு வாரம் கழிச்சு, "அண்ணே, என்னால முடியல"ன்னு சொல்லிடுச்சு. அந்தத் திருவிழா இன்னும் ஹார்ட் டிஸ்க்லயே கிடக்கு. கேமராவில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பிள்ளைகிட்டயும் குறை இல்லை. ரெண்டுக்கும் பொருத்தம் பார்க்காமல் கட்டி வச்சதுதான் பிரச்சினை.

நான் பேக்டரியில் லைன் பார்க்கிறவன். அங்கே எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு உண்டு. முதல் மிஷினை மட்டும் புதுசா, வேகமா மாத்தினா உற்பத்தி கூடாது. அடுத்த இடத்தில் பொருள் குவியும், அவ்வளவுதான். லைன்ல எது மெதுவோ, மொத்த லைனும் அந்த வேகத்தில்தான் ஓடும். வீடியோ வேலையும் ஒரு லைன்தான். கேமரா, மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், கணினி, அப்புறம் உட்கார்ந்து வேலை செய்யும் ஆள். நம்ம ஆலயங்களில் மெதுவான இடம் கேமரா இல்லை. கணினியும், தொண்டூழியரோட நேரமும்தான்.

ஏன் ஒரு கேமராவோட படம் லேசா ஓடுது, இன்னொண்ணு திணறுது? நிறைய பேர் கோப்பு பெருசா இருக்கிறதாலன்னு நினைக்கிறாங்க. பாதிதான் உண்மை. வீடியோவை அப்படியே வச்சா எந்தக் கார்டும் தாங்காது. அதனால கேமரா அதைச் சுருக்கி எழுதுது. இப்ப பெரும்பாலும் ரெண்டு வகைச் சுருக்கம் இருக்கு: H.264, H.265. ரெண்டிலும் பொதுவா ஒரு முழுப் படத்தை எழுதி வச்சிட்டு, அடுத்து வர்ற படங்களில் எது மாறிச்சோ அதை மட்டும் எழுதுவாங்க. எடிட்டிங்ல நடுவுல ஒரு இடத்தில் கத்தரிக்கும்போது, அந்த ஒரு படத்தைக் காட்டக் கணினி முன்னாடி இருக்கிற முழுப் படத்துக்குப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டு வரணும். H.265 அதே தரத்தை ஏறக்குறைய பாதி இடத்தில் அடக்கிடும். ஆனா அதை விரிக்கக் கணினிக்கு வேலை அதிகம். அதனால கோப்பு சின்னதா இருந்தா கணினிக்கு லேசுன்னு நினைக்கிறது பல நேரம் தலைகீழ்.

இதோட வண்ணக் கணக்கும் சேருது. 8 பிட், 10 பிட், 4:2:0, 4:2:2 என்று கடையில் சொல்வாங்க. 10 பிட் 4:2:2 என்றால் வண்ணத் தகவல் அதிகம். பிறகு நிறத்தைத் திருத்தும்போது படம் உடையாது. நல்ல விஷயம்தான். ஆனா H.265-இல் வரும் 10 பிட் 4:2:2 கோப்பை எல்லாக் கணினியும் சுலபமா திறக்காது. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல சிப்களில் அதுக்கான வசதி உள்ளேயே இருக்கு. ஆப்பிள் M1 முதல் வந்த கணினிகளிலும் இருக்கு. என்விடியா கிராஃபிக்ஸ் அட்டைகளில் 50 வரிசையில்தான் 4:2:2-க்கு அந்த வசதி வந்தது. அதனால "என் மகன்கிட்ட கேமிங் லேப்டாப் இருக்கு, எதையும் இழுக்கும்"னு சொன்னா உடனே நம்பிடாதீங்க. விளையாட்டுக்கு வேகமான லேப்டாப் இந்தக் கோப்புக்கு முன்னாடி நொண்டலாம்.

இடக் கணக்கையும் பார்ப்போம். கேமரா விளக்கத் தாளில் எம்.பி.பி.எஸ். என்று ஒரு எண் இருக்கும். விநாடிக்கு எத்தனை மெகாபிட் எழுதுது என்பதுதான் அது. அந்த எண்ணை 0.45-ஆல் பெருக்கினா, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிகாபைட்னு வந்துடும். 28 என்றால் மணிக்கு ஏறக்குறைய 12.6 ஜிபி. 50 என்றால் 22.5. 100 என்றால் 45. 200 என்றால் 90.

கும்பாபிஷேகத்தை மூணு நாள்னு வச்சுக்குங்க. யாகசாலை, கலசப் புறப்பாடு, அபிஷேகம் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஆறு மணி நேரம். மொத்தம் 18 மணி நேரம். 50-இல் எடுத்தா 405 ஜிபி. 100-இல் எடுத்தா 810 ஜிபி. 200-இல் எடுத்தா 1620 ஜிபி. இது ஒரே கேமராவுக்கு, ஒரே பிரதிக்கு. ரெண்டு கேமரா வச்சு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பிரதி வச்சா நாலால பெருக்குங்க. அதுக்கப்புறம் 48 நாள் மண்டலாபிஷேகம் வேற இருக்கு. கேமரா வாங்க உபயகாரர் கிடைச்சிட்டார். ஹார்ட் டிஸ்க் வாங்க எந்த உபயகாரர் வருவார்? உற்சவத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி பொருளாளர்கிட்ட போய் நிக்கணும்.

அதுக்காக ரொம்பக் குறைச்சலா எடுங்கன்னும் சொல்லல. நம்ம ஆலயக் காட்சிகள் கேமராவுக்குக் கஷ்டமானவை. பாலாபிஷேகத்தில் பால் வழியறது, ஹோமப் புகை, பூமாரி, விபூதி பறக்கிறது, காவடியில் ஆடுகிற மயிலிறகு, எல்லாமே நொடிக்கு நொடி மாறிக்கிட்டே இருக்கும். மாறினதை மட்டும் எழுதுற முறைக்கு இதுதான் சோதனை. எண் ரொம்பக் குறைவா இருந்தா, பால் வழியிற இடம் கட்டம் கட்டமா உடைஞ்சு தெரியும். அதனால முழு எச்.டி. எடுக்கறதா இருந்தா 50 பக்கம், 4K எடுக்கறதா இருந்தா 100 பக்கம் இருக்கிறது நம்ம வேலைக்குப் போதுமானதுன்னு நான் நினைக்கிறேன்.

இப்ப கணினியை வச்சு என் கணக்கைச் சொல்றேன்.

ஆலய அலுவலகத்தில் இருக்கிற பழைய லேப்டாப்தான், 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் இல்லை என்றால், முழு எச்.டி., H.264, 8 பிட். இதைத் தெளிவா எடுக்கும் கேமரா போதும். 4K பக்கம் போகவே வேணாம். பார்க்கிற மக்களில் பெரும்பாலோர் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் ஹேண்ட்போன் திரையில்தான் பார்க்கிறாங்க.

16 ஜிபி ராம், எஸ்.எஸ்.டி., ஓரளவு புதிய லேப்டாப் என்றால், 4K, H.264, 8 பிட், விநாடிக்கு 25 படம். இதில் ஒரு லாபம் உண்டு. 4K-இல் எடுத்து எச்.டி.-யில் வெளியிட்டா, தூரத்தில் இருந்து எடுத்த அலங்காரத்தைப் பிறகு கிட்டே இழுத்துக் காட்டலாம். பக்தர்களை இடிச்சுக்கிட்டு முன்னாடி போய் நிக்க வேண்டியதில்லை.

நான் மேலே சொன்ன புதிய இன்டெல் அல்லது ஆப்பிள் கணினி, அதோட நிறம் திருத்தத் தெரிஞ்ச ஆள், ரெண்டும் இருந்தால் மட்டும் H.265, 10 பிட். ஆள் இல்லாமல் இதை வாங்கினா, விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம் சாம்பல் நிறமாவே வெளியே போகும்.

"புராக்ஸி போட்டா போச்சு"ன்னு தம்பிமார் சிலர் சொல்வாங்க. அதாவது பெரிய கோப்புக்குச் சின்ன பிரதி ஒண்ணு தயார் பண்ணி, அதில் எடிட்டிங் செஞ்சு, கடைசியில் அசலை வச்சு வெளியிடறது. டாவின்சி ரிசால்வ் மாதிரி மென்பொருளோட இலவசப் பதிப்பிலேயே இது செய்யலாம். முடியாத காரியம் இல்லை. ஆனா பிரதி தயாராக ஒரு ராத்திரி ஓடணும், அதுக்கும் டிஸ்க்ல இடம் வேணும், எந்தப் பிரதி எந்த அசலுக்குன்னு ஒழுங்கா வச்சிருக்கணும். இருக்கிற கேமராவைச் சமாளிக்க இது நல்ல வழி. புதுசா வாங்கும்போது அந்தத் தலைவலியையும் சேர்த்து ஏன் வாங்கணும்?

கடைக்குப் போறப்ப செய்ய வேண்டியது இதுதான். கேமரா திரையில் படம் அழகாத்தான் இருக்கும். எல்லாக் கேமராவிலும் அழகாத்தான் இருக்கும். நீங்க நம்ம சொந்த மெமரி கார்டைக் கொண்டு போங்க. கடைக்காரர்கிட்ட கேட்டு, பத்து நிமிஷம் உள்ளேயும் வெளியேயும் எடுங்க. வாங்காமல் வீட்டுக்கு வாங்க. அந்தக் கோப்பை எடிட்டிங் செய்யப் போறவரோட கணினியில் போடுங்க. ரெண்டு காட்சியை மேலே கீழே வச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைய விடுங்க. தமிழில் ஒரு தலைப்பு போடுங்க. கொம்பும் காலும் இடம் மாறாமல் எழுத்து சரியா வருதான்னு பாருங்க. ஐந்து நிமிஷ வீடியோவா வெளியே எடுங்க. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எழுதி வைங்க. இதுல தேறினா கேமரா தேறிடுச்சு. கேமராவைக் கடையில் பார்த்து முடிவு செய்யாதீங்க, கோப்பை வீட்டில் பார்த்து முடிவு செய்யுங்க.

அடுத்தது, நம்ம நாட்டு மின்சாரம். மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்கும் பல எல்.இ.டி. விளக்கும் அதுக்கேற்ப விநாடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். விநாடிக்கு 25 அல்லது 50 படம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 வச்சா மண்டபத்து வெளிச்சம் ஆடாது. 30, 60 என்று வச்சு எடுத்தா மண்டபம் முழுக்க கோடு கோடா ஓடலாம். அதை எடிட்டிங்ல சரி செய்யறது பெரும்பாடு. வெளிநாட்டில் இருந்து மலிவா வருதுன்னு வாங்கிற சில வீட்டு உபயோகக் கேமராக்களில் 60 மட்டும்தான் இருக்கும். கேட்டு வாங்குங்க. ரெண்டாவது கேமராவா ஹேண்ட்போன் வச்சா, அதையும் 25 அல்லது 50-க்கு மாத்திக்குங்க. பல ஹேண்ட்போன்கள் படத்தோட வேகத்தைத் தானே கூட்டிக் குறைச்சு எடுக்கும். ஒரு மணி நேரம் எடுத்தா நாதஸ்வரம் ஒரு பக்கம், வாசிக்கிறவர் விரல் ஒரு பக்கம் போகும்.

"போட்டோ கேமராவிலேயே அருமையா வீடியோ வருதே, எதுக்கு கேம்கோர்டர்?" என்று கேட்கிறவங்களுக்கும் ஒரு பதில். ஐந்து நிமிஷப் பாட்டு எடுக்க அது சிறப்பு. யாகசாலையில் ரெண்டு மணி நேரம் நிறுத்தாமல் எடுக்க வேண்டியிருக்கு. பழைய போட்டோ கேமராக்கள் பலதிலும் 29 நிமிஷம் 59 விநாடியில் பதிவு நின்னுடும். புதுசுகளில் சில 4K-இல், நம்ம வெயிலில் சூடாகி நின்னுடும். கேம்கோர்டர் நீண்ட நேரத்துக்குன்னே செஞ்சது. ஒரு கார்டு நிறைஞ்சா அடுத்த கார்டுக்குத் தானே போகும், அல்லது ரெண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதும். பால்குட ஊர்வலத்தில் உச்சி வெயிலுக்கு என்.டி. ஃபில்டர் உள்ளேயே இருக்கும். கையாலேயே சீரா ஸூம் பண்ணலாம். எக்ஸ்.எல்.ஆர். மைக் நேரா சொருகலாம். எடிட்டிங் செய்யறவருக்கும் இது லாபம். வேற இடத்தில் எடுத்த சத்தத்தைப் படத்தோட பொருத்தற வேலை மிச்சம்.

ஒரு உதாரணம். சோனி 2017-இல் ஏறக்குறைய ஒரே உடம்பில் ரெண்டு கேமரா விட்டது. HXR-NX80, PXW-Z90. ரெண்டிலும் ஒரு அங்குல சென்சார், 12 மடங்கு ஸூம். 4K-இல் ரெண்டுமே 8 பிட் 4:2:0-தான். Z90 எச்.டி.-யில் 10 பிட் 4:2:2 எழுதும், எஸ்.டி.ஐ. இணைப்பும் உண்டு. NX80-இல் அந்த ரெண்டும் இல்லை. எஸ்.டி.ஐ. கேபிள் கொடிமரத்தில் இருந்து அலுவலகம் வரைக்கும் 50 மீட்டர் தாராளமா போகும். நேரலை செய்யற ஆலயத்துக்கு அது தேவை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்ப, வீட்டில் இருந்த பெரியவங்களுக்குப் பூஜை காட்ட நேரலை எவ்வளவு உதவிச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா நேரலை செய்யாத, 4K மட்டும் எடுத்து வெட்டி ஒட்டுற ஆலயம் Z90 வாங்கினா, பயன்படுத்தாத ஒரு துளைக்குப் பணம் கட்டுது. இந்த மாடல்களை வாங்கச் சொல்லி எழுதல. ஒரே மாதிரி தெரியற ரெண்டு கேமராவில் எது நமக்கு என்பதை நம்ம வேலைதான் சொல்லணும், விலை சொல்லக் கூடாது என்பதுக்காக எழுதறேன்.

"இப்பவே பெருசா வாங்கினா பத்து வருஷம் தாங்கும்" என்பதுதான் செயலவையில் அதிகம் கேட்கிற வாதம். மதிக்க வேண்டிய வாதம்தான். நம்ம பெரியவங்க எதையும் நீண்ட காலத்துக்குப் பார்த்து வாங்கினவங்க. ஆனா பத்து வருஷம் தாங்க வேண்டியது கேமரா இல்லை, எடுத்த படம். அடுத்த கும்பாபிஷேகம் 12 வருஷம் கழிச்சு. இன்னைக்கு யாகசாலை முன்னாடி உட்கார்ந்திருக்கிற பாட்டிமார் அப்ப எத்தனை பேர் இருப்பாங்க? அந்த முகங்களை அவங்க பேரப் பிள்ளைகள் பார்க்கணும்னா, கோப்பு பரவலா எல்லா இடத்திலும் திறக்கிற வகையா இருக்கணும், பத்திரமா இருக்கணும், முதல்ல அது எடிட்டிங் முடிஞ்சு வெளியே வந்திருக்கணும். மூணு பிரதி வைங்க. ஒண்ணு ஆலயத்தில், ஒண்ணு வேற ஒரு வீட்டில், ஒண்ணு இணையச் சேமிப்பில். கார்டில் இருந்து எடுக்கும்போது வீடியோவை மட்டும் பொறுக்காமல் முழு ஃபோல்டரையும் அப்படியே காப்பி பண்ணுங்க. நீளமான பதிவுகளைக் கேமரா பல துண்டா எழுதும். சில வகைகளில் அதைச் சேர்க்கிற தகவல் மத்த ஃபோல்டரில்தான் இருக்கும்.

"வெளியில ஆள் கூப்பிட்டு எடுத்துக்கலாமே" என்பாங்க. கும்பாபிஷேகத்துக்குக் கூப்பிடுங்க, தப்பில்லை. மாசாமாசம் கிருத்திகைக்கும் பிரதோஷத்துக்கும் கூப்பிட முடியுமா? நம்ம பிள்ளைங்க கத்துக்கிட்டா, எந்த நேரத்தில் தீபாராதனை வரும், எங்கே நின்னா பக்தர்களுக்கு மறைக்காது, மூலவரை எடுக்கலாமா கூடாதான்னு குருக்கள்கிட்ட கேட்கணும் என்பதெல்லாம் அவங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

செயலவைக்கு என் வேண்டுகோள். கேமராவுக்குன்னு ஒதுக்கின பணத்தைப் பத்துப் பங்கா வைங்க. ஐந்து பங்கு கேமராவுக்கு. மூணு பங்கு கணினி, ஹார்ட் டிஸ்க், கார்டுகளுக்கு. ரெண்டு பங்கு முக்காலி, மைக், கூடுதல் பேட்டரிக்கு. உபயகாரர் பேர் பலகையில் "ஒளிப்பதிவு உபயம்"னு போட்டா, எல்லாமே அதுக்குள்ள அடங்கிடும், அவருக்கும் நிறைவா இருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு எடிட்டிங் செய்யப் போற பிள்ளைங்களையும் கூப்பிட்டு உட்கார வைங்க. அவங்க லேப்டாப் என்ன, ராம் எவ்வளவு, வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்னு முதல்ல கேளுங்க. அந்தப் பதில்களைத் தாளில் எழுதின பிறகு கேமரா விலைப்பட்டியலைத் திறங்க. தொண்டு செய்ய வர்ற பிள்ளையோட ராத்திரித் தூக்கமும் ஆலயச் சொத்துதான். அதையும் கணக்கில் எடுத்துத்தான் வாங்கணும்.

கருத்து வேற இருந்தா கீழே எழுதுங்க. கணினி விவரம் அனுப்பினா, எது பொருந்தும்னு சேர்ந்து பார்ப்போம்.

ஓம் முருகா.